மாரிழை யாரை முடிக்க வேண்டும்?

கல்முனையில் உள்ள ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில், காலை ஏழரை மணிக்கு, வெறும் வயிற்றோடு ஒன்பது பேர் வரிசையில் இருந்தார்கள். உள்ளே ஹிமாயா ஊசி குத்திக்கொண்டிருந்தாள். வெளியே மேசையில் அப்னா பெயர் பதிந்துகொண்டிருந்தாள். நடுவில் தொங்கிய திரையின் ஊடாக இரண்டு பேரும் முந்தின நாள் பாதியில் விட்ட சண்டையைத் தொடர்ந்தார்கள்.

"அவன் அழுதவன்தானே கா. நாலாம் பாகத்துல தனிய இரிந்து அழுதவன்தானே," என்றாள் ஹிமாயா.

"பொண்டாட்டிட சத்தத்த எடுத்துச் செப்புக்குள்ள போட்டு மூடிட்டு, பிறகு அழுதா என்ன, அழாட்டி என்ன ராத்தா? அவள் உட்டுட்டுப் போனதுதான் சரி."

"போறதெண்டாத் தனியப் போகணும். தேரகனோட ஏன் போன?"

வரிசையில் மூன்றாவதாக இருந்த பெரியவர் எழுந்து மேசைக்கு வந்தார். சாப்பிடாத முகத்தில் ஒரு உற்சாகம் தெரிந்தது.

"எந்த ஊர் ஆக்கள் அவங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"யாரு சேர்?"

"அந்த, புருசன உட்டுட்டுப் போன புள்ள."

"அது கதை சேர். 'உப்புமலை' எண்டு ஆறு பாகம் வந்திரிக்கி. இன்னும் ஒண்டு வரணும்," என்றாள் அப்னா.

பெரியவரின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு வேறொரு யோசனையில் மறுபடி மலர்ந்தது.

அவர்தான் கரையோர இலக்கியப் பேரவையின் தலைவர் ஸஹீத். பத்தொன்பது வருடமாகத் தலைவர். பெயருக்கு முன்னால் 'காவியக் குன்று' என்று போட்டுக்கொள்வார். அந்தப் பட்டத்தை வழங்கியது பேரவை. பேரவையின் பட்டமளிப்புக் குழுவுக்கும் அவரே தலைவர். காவியம் எதுவும் எழுதியதாகத் தகவல் இல்லை. குன்றுக்கு உடம்பு ஓரளவு ஒத்துழைத்தது.

பேரவைக்கு அப்போது ஒரு கஷ்டம் இருந்தது. கடைசியாக நடத்திய ஆய்வரங்குக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். அதில் இருபத்துமூன்று பேர் மேடையில் இருந்தார்கள். கீழே இருந்த மூவரில் ஒருவர் ஒலிபெருக்கிக்காரர். மற்ற இருவரும் மேடையில் இருந்தவர்களை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தவர்கள். அவர்களும் பிளேன்டீ முடிந்ததும் போய்விட்டார்கள்.

ஹிமாயாவிடமோ அறுபத்தொரு பேர் இருந்தார்கள். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை அறுபத்தொரு பெண்கள், வட்ஸ்அப்பில், 'உப்புமலை வாசகிகள்' என்ற பெயரில். அந்தக் கதையில் வச்சிரன் என்றொரு ராசா. கலியாணத்தன்று மாரிழையின் குரலை எடுத்து ஒரு செப்புக்குள், மூடி போட்ட சிறு சிமிழுக்குள், அடைத்துவிடுகிறான். தனக்குத் தேவையானபோது திறப்பான். 'ஓம்' என்ற ஒரு சொல் மட்டும் வெளியே வரும். ஐந்தாம் பாகத்தில் அவள் செப்பைத் தூக்கிக்கொண்டு, பறவைநாகங்களைப் பராமரிக்கும் தேரகனோடு, அவற்றில் ஒன்றின்மேல் ஏறிப் பறந்துபோகிறாள். இதை வைத்துக்கொண்டு அறுபத்தொரு பேரும் இரண்டு வருடமாகக் கதைத்தார்கள். சோற்றை வடித்தபடி, பிள்ளையைக் குளிப்பாட்டியபடி, குரல் பதிவுகளாக அனுப்பினார்கள். ஹிமாயா வச்சிரன் பக்கம். அவன் திருந்துவான் என்று நம்பினாள். அப்னா தேரகன் பக்கம். மருதமுனை ஸகியாவின் கட்சி தனி: மாரிழையை உண்மையாக நேசித்தது அந்தப் பறவைநாகம் மட்டும்தான், மற்ற இரண்டு ஆம்புளையும் சும்மா.

"வாசிப்பு இரிக்கி. அமைப்பு இல்ல," என்றார் ஸஹீத், குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி. "அமைப்பு இல்லாத வாசிப்பு வரம்பு இல்லாத வயல், தங்கச்சி. தண்ணி நிக்காது."

"நாங்க சும்மாதான் கதைக்கிற சேர்."

"அதுதான் பிழை. சும்மா கதைக்கப்படாது. பேரவை ஒங்கள அங்கீகரிக்கும்."

ஹிமாயாவுக்கு முப்பத்தாறு வயது. வயதில் மூத்தவர்களுக்கு 'மாட்டேன்' என்று சொல்லிப் பழக்கமில்லை. அதோடு, அங்கீகாரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. அன்று பின்னேரமே பேரவைச் செயலாளர் றம்ஸீனைப் பார்வையாளராகக் குழுவில் சேர்த்தாள்.

பார்வையாளர் முதல் வேலையாக ஒரு ரோசாப்பூப் படம் போட்டார். இரண்டாவதாகப் பேரவையின் கடிதத் தலைப்பில் ஒரு அறிவித்தல் போட்டார். குழுவின் பெயர் 'கரையோர இலக்கியப் பேரவை – மகளிர் புனைவுறவு ஆய்வு உபபிரிவு' என மாற்றப்பட்டது. கருத்துச் சொல்லுமுன் தலைவரையும் செயலாளரையும் விளித்து வணக்கம் கூறல் வேண்டும். ஒரு கருத்தை ஒருவர் பிரேரிக்க, இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். ஆமோதிக்கப்படாத கருத்து கருத்தாகக் கொள்ளப்படமாட்டாது. கண்ணியம் கருதிக் குரல் பதிவுகள் நிறுத்தப்படும்.

குழுவில் இரண்டு நாள் ரோசாப்பூ மட்டும் வந்தது. மூன்றாம் நாள் ஸகியா எழுதினாள்: "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பறவைநாகத்துக்குக் காய்ச்சலாமே, ஆறாம் பாகம் யாரும் முடிச்சிட்டீங்களா?"

செயலாளர் பதில் எழுதினார்: "மேற்படி பறவைநாகம் ஆணா பெண்ணா என்பது பேரவைக்கு எழுத்தில் அறிவிக்கப்படவில்லை. மாரிழை அவர்கள் அதில் ஏறிப் பயணித்துள்ளதால் இது முக்கியமானது."

அதற்குப் பிறகுதான் படிவம் வந்தது. 'பாத்திர உறவுநிலைக் கருத்துப் படிவம்', மூன்று பிரதிகள். மாரிழை வச்சிரனோடு வாழ வேண்டுமா, தேரகனைக் கலியாணம் முடிக்க வேண்டுமா, காரணம் என்ன? கருத்துரைப்பவரின் முழுப்பெயர், தகப்பன் பெயர், வீதி, கிராம சேவகர் பிரிவு.

"இதுக்கேன் ராத்தா வாப்பாட பேரு?" என்று அப்னா கேட்டாள்.

"அது ஒரு ஃபோம்தானே கா. நிரப்பிக் குடு. இல்லாட்டி அந்த மனிசன் திரும்பத் திரும்ப மெசேஜ் போடுவார்," என்றாள் ஹிமாயா.

அப்னா நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில், மேசையில் இருந்த நீலப் பேனையால், தெளிவாக எழுதினாள்: 'கதைக்க விடாத புருசனோட இருக்கிறதை விட, உட்டுட்டுப் போறது மேல்.'

ஒரு மாதம் கழித்து ஆய்வரங்கு அறிவிக்கப்பட்டது. அதையொட்டி ஒரு சிறப்பு மலர். வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னர் அதன் ஒரு பிரதி ஹிமாயாவின் கைக்கு வந்தது. தொண்ணூற்றாறு பக்கங்களில் அறுபத்தெட்டு, தலைவருடைய படங்கள். தலைவர் பொன்னாடை பெறுகிறார், தலைவர் பொன்னாடை போர்த்துகிறார், தலைவர் பொன்னாடையோடு நிற்கிறார். நாற்பத்தோராம் பக்கத்தில் 'மகளிர் மணிமொழிகள்'. முதலாவது மணிமொழி அப்னாவுடையது. அந்த ஒற்றை வரி, அதற்குக் கீழே மீராசா மகள் அப்னா, வீதி, கிராம சேவகர் பிரிவு. உப்புமலை என்றோ மாரிழை என்றோ ஒரு சொல்லும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது அப்னா தன் வாழ்க்கையைப் பற்றிச் சொன்ன கொள்கை போலவே இருந்தது.

அப்னாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை சாய்ந்தமருது ஜெஸீம், கட்டாரில் வேலை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நாள் வைத்திருந்தார்கள்.

ஹிமாயா மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேரவைக் காரியாலயத்துக்கு ஓடினாள். றம்ஸீன் பொன்னாடைகளை எண்ணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கத்த எடுங்க சேர். அந்தப் புள்ளக்கி கலியாணம் பேசியிரிக்கி."

"மலர் வெளியாகுறதுக்கு முந்தி திருத்தம் செய்யேலா தங்கச்சி. வெளியாகாத நூலத் திருத்த பேரவை யாப்புல விதி இல்ல."

"வெளியானதுக்குப் பிறகு?"

"வெளியான நூலத் திருத்தினா வெளியிட்டவருக்கு மரியாதக் குறைவு."

"அப்ப எப்பத்தான் திருத்துற?"

றம்ஸீன் நிதானமாக யோசித்தார். "மறுபதிப்புல," என்றார். "பேரவை இதுவரைக்கும் எந்த நூலும் மறுபதிப்புச் செய்யல்ல. ஆனா விண்ணப்பம் தரலாம்."

ஹிமாயா விண்ணப்பம் எதுவும் கொடுக்காமல் வெளியேறினாள்.

ஆய்வரங்குக்கு மண்டபம் நிறைந்தது. உபபிரிவு உறுப்பினர் ஒவ்வொருவரும் இரண்டு பெண்களைக் கூட்டிவர வேண்டும் என்று சுற்றறிக்கை போயிருந்தது. பெண்களுக்குப் பின்பக்கம் இடம் ஒதுக்கி, நடுவில் உயரமாக ஒரு பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். அப்னாவுக்குப் பக்கத்தில் ஜெஸீமின் தாய் ஜெமீலா இருந்தாள். வரப்போகும் மருமகளின் பெயர் ஒரு புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது என்று யாரோ சொல்ல, பெருமையோடு சாய்ந்தமருதிலிருந்து ஓட்டோ பிடித்து வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஹிமாயா இருந்தாள்.

மலரின் முதற்பிரதியை ஒரு அரிசி ஆலைக்காரர் பெற்றார். பிறகு இன்னொருவர் முதற்பிரதி பெற்றார். மொத்தம் முப்பத்துநான்கு பேர் முதற்பிரதி பெற்றார்கள். இரண்டாம் பிரதியைப் பெற யாரும் முன்வரவில்லை. பொன்னாடை போர்த்தல் ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் நடந்தது. கடைசியில் தலைவர் எழுந்தார்.

"இந்தப் புனைவுத் தொடரை நான் வாசிக்கவில்லை," என்று தொடங்கினார். கைதட்டல் எழுந்தது. "வாசித்தால் பக்கச்சார்பு வந்துவிடும் என்பதால் வாசிக்கவில்லை. பேரவையின் ஆய்வுக்குழுவில் எவருமே வாசிக்கவில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். நடுநிலை என்பது இதுதான். உப்புமலை என்ற அந்தக் கதாநாயகி..."

"உப்புமலை ஊர்ர பேரு," என்று பச்சைத் துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது ஸகியா.

"பின்பக்கம் அமைதி பேணவும். உப்புமலை என்ற கதாநாயகி கணவனை விட்டுப் போனாள். போகலாமா? எழுத்தாளர் போகவிட்டார். நாங்கள் விடலாமா? எங்கள் மகளிரே இப்படி எழுதத் துணிந்துவிட்டார்கள். இதோ, நாற்பத்தோராம் பக்கம்." அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். வரியை வாசித்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, மீராசா மகள் அப்னா, வீதி, கிராம சேவகர் பிரிவு என்று வாசித்தார். "இந்தத் தங்கைமீது எங்களுக்குக் கோபமில்லை. இவரை ஒரு உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம்."

ஜெமீலா திரும்பினாள்.

"ஒன்ட பேரா புள்ள?"

"ஓம் மாமி."

"நீதான் எழுதினியா?"

"ஓம்."

ஜெமீலா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வெளியே போனாள்.

மேடையில் தீர்மானம் வாசிக்கப்பட்டது: 'மேற்படி மாரிழை அவர்கள் மூன்று மாதத்துக்குள் வச்சிரன் அவர்களுடன் திரும்பவும் இணைய வேண்டும் என இப்பேரவை கண்டிப்புடன் வேண்டிக்கொள்கிறது.' ஆதரவுக்குக் கையுயர்த்தச் சொன்னார்கள். முன்பக்கம் இருபத்துநான்கு கைகள் எழுந்தன. எதிர்ப்புக்குக் கேட்டபோது பச்சைத் துணிக்குப் பின்னால் நூற்றுக்கு மேல் கைகள் எழுந்தன.

"யாப்பின்படி கண்ணுக்குத் தெரியும் கைகள் மட்டுமே எண்ணப்படும்," என்றார் றம்ஸீன். "எதிர்ப்பு இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது."

ஹிமாயா துணியை விலக்கிக்கொண்டு நேரே மேடைக்கு நடந்தாள். "எனக்கு ஒரு நிமிசம் கதைக்கணும்," என்று ஒலிவாங்கியை நோக்கிக் கையை நீட்டினாள். நீட்டிய கையில் றம்ஸீன் மடித்த பொன்னாடை ஒன்றை வைத்தார். ஒலிபெருக்கி முழங்கியது: "மேடைக்கு வந்த சகோதரிக்கு 'வாசிப்புத் தாரகை' பட்டம் வழங்கிக் கௌரவிக்கிறோம்!" கைதட்டல் எழுந்தது. படப்பிடிப்பாளர் ஒருவர் அவளைத் தலைவர் பக்கம் திரும்பச் சொன்னார். அவள் பொன்னாடையைத் தரையில் போட்டுவிட்டு இறங்கிப் போனாள். "பணிவின் காரணமாகச் சகோதரி ஏற்க மறுக்கிறார்," என்றது ஒலிபெருக்கி.

மூன்றாம் நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, அப்னாவின் வீட்டு முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். ஜெமீலா முகம் இறுகிப்போய் ஒரு கதிரையில் இருந்தாள். அப்னாவின் வாப்பா மீராசா மாவடிப்பள்ளியில் வயல் செய்பவர். அறுவடை மெஷின் வயலில் நிற்க, அதை விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு குடும்பத்துக்கும் இடையில் சமரசம் செய்யவென்று பேரவை தானாகவே வந்திருந்தது. ஸஹீத் வட்டிலப்பத் தட்டோடு அமர்ந்திருந்தார். றம்ஸீன் ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதன் தலைப்பு, 'கருத்து மீளப்பெறல் படிவம்'.

"மாரிழை செஞ்சது பிழை எண்டு தங்கச்சி இதுல ஒரு கையெழுத்து வெச்சா, பிரச்சினை முடிஞ்சி," என்றார் றம்ஸீன். "அடுத்த மலர்ல முதல் பக்கத்துல போடுவம்."

அப்னாவுக்குத் துணையாக வந்திருந்த ஹிமாயாவால் பொறுக்க முடியவில்லை. "பிரச்சினைய உண்டாக்கினது நீங்க. இப்ப தீர்க்க வந்திரிக்கிறதும் நீங்களா?"

"வேற யாருக்கு அந்த அனுபவம் இரிக்கி?" என்றார் ஸஹீத், கரண்டியை நக்கிவிட்டு. அதை அவர் உண்மையாகவே கேட்டார்.

கட்டாரிலிருந்து ஜெஸீமின் குரல் கைப்பேசியில் வந்தது. ஜெமீலா சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். "அப்னா, ஒரு கையெழுத்துத்தானே. வெச்சிட்டு உடு. இதுக்கெல்லாம் கதைக்கத் தேவல்ல."

"வை மகள்," என்றார் மீராசா. கதிரையின் கைப்பிடியை அவர் விடவேயில்லை.

அப்னா பேனையை எடுத்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு பேனையைக் கீழே வைத்துவிட்டு ஜெமீலாவின் பக்கம் திரும்பினாள்.

"வைக்க மாட்டன் மாமி. நான் உங்கட மகன உட்டுட்டுப் போறன் எண்டு எழுதல்ல. மாரிழை போனது சரி எண்டுதான் எழுதின. அது எனக்குச் சரிதான். அவள் ஏன் போன எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் தெரியா."

"ஏன் போன?" என்று ஜெமீலா கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டாள்.

அப்னா சொல்லத் தொடங்கினாள். கலியாணப் பந்தலில் வச்சிரன் கொடுத்த செப்பு, அதற்குள் அவள் குரல் போய் விழுந்தது, அடுத்த நாள் அவள் தாய் கூப்பிட்டபோது பதில் சொல்ல முடியாமல் நின்றது.

"ஒழுங்குப் பிரச்சினை," என்றார் றம்ஸீன். "தீர்மானிக்கப்பட்ட விடயத்தை மீண்டும்..."

"சும்மா இரிங்க கொஞ்சம்," என்றாள் ஜெமீலா அவரைப் பார்க்காமலே. "தாய் கூப்பிட்டும் கதைக்கேலாமப் போன? பிறகு?"

அப்னா, மாரிழை பறந்துபோன ஐந்தாம் பாகம் வரைக்கும் சொன்னாள். நடுவில் விட்ட இடங்களை ஹிமாயா நிரப்பினாள். வச்சிரன் அழுத இடத்தில் இரண்டு பேரும் பழையபடி சண்டை பிடித்தார்கள். றம்ஸீன் மூன்று தடவை ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார். ஸஹீத் இரண்டாம் தடவையும் வட்டிலப்பம் வாங்கினார். மீராசா கதிரையின் கைப்பிடியை விட்டுவிட்டு, முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"உம்மா, இன்னும் கையெழுத்து வைக்கல்லயா? சுருக்கா முடிங்க," என்றது கைப்பேசி.

ஜெமீலா அதைக் கையில் எடுத்தாள். "டேய், நீயும் செப்பத் தூக்கிட்டா வாறாய்?"

"என்ன செப்பு?"

"வந்து வாசி. தெரியும்." அவள் அழைப்பைத் துண்டித்தாள். பிறகு, எல்லோர் முன்னாலும் படிவத்தை நாலாக மடித்துச் சூடான தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைத்தாள். "முதலாம் பாகம் இரிக்கா புள்ள இஞ்ச?"

அப்னா அலுமாரியை நோக்கிப் போனபோதுதான் அழுதாள்.

அந்த வாரம் அறுபத்தொரு பேரும் உபபிரிவை விட்டு ஒவ்வொருவராக வெளியேறிப் புதிய குழு தொடங்கினார்கள். அறுபத்திரண்டாவது ஆளாக ஜெமீலா சேர்ந்தாள். பழைய குழுவில் தலைவரும் செயலாளரும் மட்டும் மிஞ்சினார்கள். செயலாளர் நாளாந்தம் ரோசாப்பூ போட்டார். தலைவர் அதை ஆமோதித்தார். பேரவையின் ஆண்டறிக்கையில் 'இலக்கியத்தால் இணைந்த இரு குடும்பங்கள்' என்று ஒரு பந்தி வந்தது.

கலியாண நாளில் பேரவை அழைக்கப்படவில்லை. ஆனால் வந்தது. பந்தலில் மாப்பிள்ளை ஜெஸீமின் பக்கத்தில் ஸஹீத் நின்றார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வாழ்த்துப்பா. ஒலிவாங்கியை யாரிடமும் கேட்காமல் எடுத்தார். வீட்டுக்குள்ளே மணப்பெண்ணைச் சுற்றிப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஹிமாயா அப்னாவின் கழுத்துமாலைக் கொக்கியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"வச்சிரன் கரம்பற்றி வாழ்ந்திட்ட மாரிழைபோல்
ஜெஸீமின் கரம்பற்றிச் செல்வமெலாம் பெற்றிடுவாய்!
செப்புக்குள் முத்தாகச் சிறந்திங்கு வாழ்கவே!"

அறைக்குள்ளிருந்து ஜெமீலாவின் குரல் பந்தல் வரைக்கும் கேட்டது: "அவன்தானே கா செப்புக்காரன்! எங்கட மருமகளுக்கு அவனையா இந்த மனிசன் துஆ கேக்குறார்!"

உள்ளே இருந்த பெண்களெல்லாம் சேர்ந்து சிரித்தார்கள். ஸகியா சுவரில் சாய்ந்து மூச்சுவாங்கினாள். அப்னா கண்மை கரைய, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஹிமாயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வரங்கு மேடையில் ஸஹீத் அப்னாவின் வீதியின் பெயரைச் சொல் சொல்லாக வாசித்தது அவள் காதில் இன்னும் இருந்தது. அவள் ஜன்னல் திரையை விலக்கி வெளியே பார்த்தாள்.

ஸஹீத் சிரிப்பு வந்த திசையை நோக்கித் தலை நிமிர்ந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பத்தொன்பது வருடத்தில் இப்படியொரு வரவேற்பு அவருக்குக் கிடைத்ததில்லை. றம்ஸீனிடம் திரும்பி ஏதோ சொன்னார். றம்ஸீன் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார்.

"மகளிரின் வேண்டுகோளுக்கு இணங்க," என்று தொடங்கிய தலைவர், வாழ்த்துப்பாவை முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தார்.